அரிசிக்குள் ஒரு நீல யானை

பிள்ளைகளுக்கான படப் புத்தகங்களில் ஒரு வகை உண்டு. ஒரு பெரிய மிருகம், ஒரு சின்ன மிருகம். சின்னது என்ன சேட்டை செய்தாலும் பெரியது கோபிக்காது. கடைசிப் பக்கத்தில் இரண்டும் கட்டிக்கொண்டு தூங்கும். பிழைப்புக்காக நான் போய்வந்த ஊர்களில், ரயில்வே பிளாட்பாரங்களிலும் விமான நிலையக் கடைகளிலும் இவற்றைப் பார்த்திருக்கிறேன். நின்று புரட்டுவேன். வாங்கியதில்லை. கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கையில் பிள்ளையும் இல்லை, வாங்குகிற முகமும் இல்லை. எல்லாவற்றிலும் கதை அதேதானா என்று சரிபார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நடப்பேன்.

எனக்கும் அப்படி ஒரு புத்தகம் இருந்தது. கொஞ்ச நாள்தான்.

அப்போது நான் போர்ட் பிளேருக்கு வடக்கே, லாங் ஐலண்ட் என்ற சின்னத் தீவில் சித்தி வீட்டில் இருந்தேன். காட்டில் மரம் வெட்டுகிற வேலை நின்றதும் அப்பா வேலை தேடி மெயின்லேண்டுக்குக் கப்பலேறினார். போனவர் போனவர்தான். அம்மா ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்கிற வேலைக்குச் சேர்ந்தாள். வேலைக்காரர்கள் தங்குகிற கொட்டகையில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அதனால் நான் சித்தி வீட்டில். இதில் வருத்தப்பட ஏதாவது இருந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. தீவில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் ஏதோ ஒரு சித்தி வீட்டில் இருந்தார்கள்.

சித்தப்பா முன்பு மரம் இழுக்கும் யானைகளோடு வேலை செய்தவர். யானைகளைக் கப்பலேற்றி அனுப்பிய பிறகு அவரைக் காட்டிலாகா நர்சரியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போட்டார்கள். ஊரில் அப்போதும் எங்கள் வீட்டுக்கு யானைக்காரர் வீடு என்றுதான் பெயர். அது வசதியாகவும் இருந்தது. எங்கள் பக்கம் ஒரு பொருளை அனுப்ப வேண்டுமென்றால், போட்டில் வருகிற யாரிடமாவது கொடுத்து, "லாங் ஐலண்ட் ஜெட்டி, யானைக்காரர் வீடு" என்றால் போதும். ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இறங்கி வீடு வந்து சேர்ந்துவிடும். மருந்து, கருவாடு, ரேஷன் கார்டு நகல், ஒரு தடவை உயிரோடு ஒரு கோழி. எதுவும் தொலைந்ததாக எனக்கு நினைவில்லை.

அம்மாவும் அப்படித்தான் அனுப்புவாள். ரிசார்ட்டில் ரூம் காலியானதும், தங்கியவர்கள் விட்டுப்போன சில்லறைச் சாமான்களைப் பெண்கள் பிரித்துக்கொள்வார்கள். மேனேஜருக்கும் தெரிந்த வழக்கம்தான். பாதி சோப்பு, பிரிக்காத பிஸ்கட், காது ஆடுகிற கறுப்புக் கண்ணாடி. ஒரு முறை வெயிலுக்குப் பூசுகிற க்ரீம் வந்தது. சித்தி அதை சிவப்பழகு க்ரீம் என்று நம்பி, சுண்ணாம்பு அடித்த முகத்தோடு ரேஷன் கடைக்குப் போய்வந்தாள்.

அப்படி ஒரு நாள் வந்ததுதான் அந்தப் புத்தகம். அட்டையில் நீல நிறத்தில் ஒரு பெரிய யானை; அதன் காலடியில் நீலக் குட்டி. அந்த வீட்டில் அதுவரை பாடப் புத்தகத்தையும் காலண்டரையும் தவிர அச்சடித்த எதுவும் இருந்ததில்லை. தாள் அவ்வளவு வழவழப்பாக இருக்கும் என்பதே எனக்குச் செய்தி.

ஆங்கிலம் தெரிந்தவர் வீட்டில் சித்தப்பா ஒருவர்தான். அதாவது, தெரியும் என்று அவர் சொல்வார். புத்தகத்தை மடியில் விரித்து, படத்தைப் பார்த்துக் கதை சொன்னார்.

"குட்டி வாளியைக் கவுத்துருச்சு. அம்மா யானை பாக்குது."

"அடிக்கலையா?"

"அடிக்கல. அடுத்த பக்கம், குட்டி அம்மாவோட குடையை உடைச்சிருச்சு. யானை எதுக்குக் குடை புடிக்குதுன்னு கேக்காத, எனக்கும் புரியல. இப்பவும் அம்மா பாக்குது."

"இப்பவும் அடிக்கலையா?"

"இல்ல."

"ஏன் சித்தப்பா?"

"வெளிநாட்டு யானை. அடிக்காது போல."

உடைக்கிறது, கொட்டுகிறது, சேற்றில் புரண்டு வெள்ளைப் படுக்கையில் ஏறுகிறது, ஓடிப்போய் ஒளிகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய யானை தும்பிக்கையைக் குட்டியின் முதுகில் போட்டபடி நிற்கிறது. பக்கத்தின் அடியில் அதே வரி திரும்பத் திரும்ப வந்தது. அதற்கு சித்தப்பா பக்கத்துக்கு ஓர் அர்த்தம் சொன்னார்.

சரியான அர்த்தம் அம்மாவிடமிருந்துதான் வந்தது. அப்போது ஊரில் ஜெட்டி முனையில் நின்றால்தான் செல்போனில் சத்தம் வரும். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் கேட்டேன். "ரிசப்ஷன்ல இருக்குற பொண்ணுகிட்ட கேட்டேன் பாப்பா," என்றாள் அம்மா. "நீ என்ன செஞ்சாலும் நீ எம்புள்ளதான்னு போட்டிருக்காம்."

இதை நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், சரிதானா என்று சித்தியிடம் பார்த்தேன். முதலில் வாளியைக் கவிழ்த்தேன். தண்ணீர் ரொம்ப தூரத்திலிருந்து சுமந்து வந்தது. சித்தி அகப்பையால் முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தாள். நான் புத்தகத்தை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"அந்த யானைக்கென்னடி," என்றாள் சித்தி. "அது தண்ணி தூக்குச்சா? துணி துவைச்சுச்சா? நாள் பூரா குடையப் புடிச்சுக்கிட்டு நிக்குது. எனக்கும் குடை வாங்கிக் குடு, நானும் சும்மா நின்னு பாக்குறேன்."

சித்தப்பா இன்னொரு விதமாகச் சொன்னார். "புத்தகம் பொய் சொல்லல. சித்திக்குன்னு தனிப் புத்தகம் இருக்கும். அதுல அகப்பை வரும்."

புத்தகம் வருவதற்கு முன்பிருந்தே, அந்தக் குளிர்காலம் முழுக்க அம்மா வரவில்லை. சீசன். டூரிஸ்ட் கூட்டம் குறையும்வரை யாருக்கும் லீவு கிடையாது. பொங்கலுக்கு வருவதாகச் சொல்லி வரவில்லை. எனக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபோதும் வரவில்லை. மாத்திரையும் பிஸ்கட்டும் போட்டில் வந்தன. புத்தகம் வந்தபின் நான் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். ஊரில் எல்லோரிடமும் காட்டினேன். கேட்டவர்கள் கையில் கொடுத்தும் பார்க்கவிட்டேன்.

புத்தகம் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் மாலை ஜெட்டிக்குப் போன சித்தி, போனில் பேசிவிட்டு அவசரமாகத் திரும்பிவந்தாள்.

"உங்கம்மா நாளைக்கு வர்றா."

நான் குதித்தேன். குதித்து முடிப்பதற்குள் மீதியையும் சொல்லிவிட்டாள். புத்தகத்தை விட்டுப்போன குடும்பம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு போர்ட் பிளேரில் வந்து தங்கியிருக்கிறது. அவர்கள் பிள்ளை அந்தப் புத்தகம் இல்லாமல் தூங்குவதில்லையாம், ஒவ்வொரு நாளும் அழுகையாம். ரிசார்ட்டுக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் பெண்களை வரிசையாக நிற்கவைத்து விசாரித்திருக்கிறார். அம்மா, நான்தான் எடுத்தேன், மகளுக்கு அனுப்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அதை வாங்கிக்கொண்டு போகத்தான் வருகிறாள்.

பொங்கலுக்கு வராதவள், காய்ச்சலுக்கு வராதவள், புத்தகத்துக்கு வருகிறாள். எனக்கு அப்போது ஏழெட்டு வயதிருக்கும். அந்த வயதுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே போடத் தெரிந்தது.

மறுநாள் காலையில் சித்தி குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் புத்தகத்தை ஒளித்தேன். பெட்டிக்குள் வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுப்படி மூலையில் அரிசி ட்ரம் இருந்தது. இடுப்புயர நீல பிளாஸ்டிக் ட்ரம். கப்பல் தாமதமாகி ரேஷன் வராத மாதம், அரிசி அடியில்தான் கிடந்தது. தலைகீழாகத் தொங்கிப் புத்தகத்தைப் படுக்கவைத்து, மேலே அரிசியை இழுத்துத் தள்ளி, யானையின் காதுவரை மூடினேன். பிறகு காதையும் மூடினேன். ஏதும் தெரியவில்லை. என் யோசனை சுலபமானது. போட் வந்து, சாமான் ஏற்றிக்கொண்டு, மத்தியானத்துக்குள் திரும்பிவிடும். அதற்குள் புத்தகம் கிடைக்காவிட்டால் அம்மா போகமுடியாது. அடுத்த போட் உடனே கிடையாது.

போட் வந்தது. அம்மா இறங்கினாள். கறுத்திருந்தாள். கையில் ஒரு காலிப் பை. முதலில் என்னிடம் என்ன கேட்டாள் என்பது நினைவில்லை. இரண்டாவதாகக் கேட்டது நினைவிருக்கிறது.

"புக்கு பத்திரமா இருக்கா பாப்பா?"

நான் முன்னால் நடந்தேன்.

வீட்டில் சித்தி தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள், "இதுக்கு எதுக்குக்கா நீ அலையுற? யார்ட்டயாச்சும் குடுத்துவிடச் சொன்னா நானே குடுத்திருப்பேனே."

"எம்மக வேற யார் கேட்டாலும் தரமாட்டா, நானே நேர்ல போனாத்தான் உண்டுன்னு மேனேஜர்ட்ட சொன்னேன். அப்பறந்தான் ஒரு நாள் விட்டாரு."

எனக்குச் சுருக்கென்றது. யார் கேட்டாலும் காட்டுகிற பிள்ளையைப் பற்றி ஊரான் ஒருவனிடம் இப்படியா சொல்லி வைப்பது? ஒளித்தது சரிதான் என்று தோன்றியது.

"இந்தப் போட்டுலயே திரும்பணும்," என்றாள் அம்மா. "நாளைக்கு அவங்களுக்கு ஃப்ளைட். அதுக்குள்ள போய்ச் சேரலேன்னா, நீ வேற வேலை பாத்துக்கன்னு சொல்லிட்டாரு."

"அப்ப எடுத்துட்டு வாடி," என்றாள் சித்தி என்னிடம்.

"காணோம்."

"காணோமா? தலைமாட்டுல வச்சுத்தானடி தூங்குன?"

"அப்ப இருந்துச்சு."

சித்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேட ஆரம்பித்தாள். பாயை உதறினாள். என் பள்ளிக்கூடப் பையைத் தரையில் கொட்டினாள். பரண்மேல் ஏறி, எப்போதோ தொலைந்த கத்தரிக்கோலைக் கண்டுபிடித்துவிட்டு, அதற்கும் சேர்த்து என்னைத் திட்டினாள். "அக்கா வேலை போயிரும்டி! விளையாட்டா இருக்கா உனக்கு? சொல்லுடி கழுத!"

"யானைதான, காட்டுக்குப் போயிருக்கும்," என்றார் சித்தப்பா.

"நீங்க சும்மா இருங்க! போய்ப் போட்டை நிப்பாட்டி வைங்க!"

சித்தப்பா செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். ஜெட்டியில் பாக்கு மூட்டைகளும் வாழைத்தார்களும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போட் ஒரு முறை ஊதியது. எங்கள் வீட்டிலிருந்து ஜெட்டி கூப்பிடு தூரம்தான். போட் ஊதினால் அடுக்குப் பாத்திரம் அதிரும்.

அம்மாவும் தேடினாள். சித்தியைப் போல இல்லை, மெதுவாகத் தேடினாள். என் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மடித்து வைத்தாள். ஒரு கவுனைத் தோளோடு வைத்து அளந்து, "இது பத்தாதே இப்ப," என்றாள். என்னிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தாள். விறகுக்குப் பின்னால் பார்த்தாள். கடைசியாக அடுப்படி மூலைக்கு வந்து ட்ரம்மின் மூடியைத் திறந்தாள்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா குனிந்து கையை உள்ளே விட்டாள். தோள்வரை போயிற்று. அப்படியே நின்றாள். ட்ரம்முக்குள் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. அப்போதுதான் போட் இரண்டாம் முறை ஊதியது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அம்மா டப்பா நிறைய அரிசியோடு நிமிர்ந்திருந்தாள். அதை முறத்தில் கொட்டினாள். ட்ரம்மை மூடி, மூடியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"பாப்பா, ஜெட்டிக்கு ஓடு. போட்ட விட்ரச் சொல்லு சித்தப்பாட்ட."

"அக்கா!" என்றாள் சித்தி.

"சோறு வைக்கிறேன். என்னமா எலும்பாக் கிடக்குறா பாரு இவ. நீ என்னத்தடி போடுற பிள்ளைக்கு?"

"ஆமா, நாந்தான் பட்டினி போட்டேன். வேலையப் பத்திப் பேசுனா சோத்தப் பத்திப் பேசுறா."

நான் ஓடினேன். அப்படி ஒரு ஓட்டம் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. ஜெட்டியில் சித்தப்பா போட்டின் கயிற்றையே பிடித்துக்கொண்டு நின்றார், விட்டால் ஓடிவிடும் மாடு மாதிரி. போட்டில் வேலை செய்கிற பெங்காலிக்காரர் அவரிடம் மல்லுக்கு நின்றார்.

"சித்தப்பா, புக்கு கிடைக்கல! போட்ட விட்ருங்க!"

"அரே பாப் ரே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் பெங்காலிக்காரர். "ஏக் கிதாப் கே லியே பூரா போட் ரோக்கா?" ஒரு புத்தகத்துக்கா போட்டையே நிறுத்தினாய் என்று.

"கிதாப் நஹி பாய்," என்றார் சித்தப்பா. "ஹாத்தி."

"ஹாத்தி?" யானை என்றதும் அவர் திரும்பிக் காட்டுப் பக்கம் பார்த்தார். அதற்குள் கயிறு அவிழ்ந்தது. போட் பின்வாங்கித் திரும்பிப் போனது. அது சின்னதாகிற வரை நின்று கையாட்டினேன். போட்டில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அன்று எனக்கு எல்லோரையும் பிடித்திருந்தது.

அடுத்த போட் வருகிறவரை அம்மா இருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் பேன் பார்த்தாள். நகம் வெட்டினாள். சிறிதாகிப்போன கவுனைப் பிரித்து, பக்கத்தில் துண்டுத் துணி வைத்துத் தைத்தாள். ஒவ்வொரு வேளையும் அவளே சமைத்தாள். ஒவ்வொரு வேளையும் ட்ரம்மிலிருந்து அவளே அரிசி எடுத்தாள். சித்தி எடுக்கப் போனால், "நீ இரு, நான் இருக்குறப்பவாச்சும் உக்காரு," என்று தடுத்தாள். எனக்கு முதல் வேளைதான் பயம். பிறகு அரிசியின்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. எவ்வளவு நல்ல இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

மத்தியானம் படுத்துக்கொண்டு யானைக் கதை சொல்லச் சொன்னேன். புத்தகம் இல்லாமலேயே சொன்னாள். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுக் கட்டி அனுப்பியவள், எல்லாப் பக்கமும் ஞாபகம் வைத்திருந்தாள். தன் கையையே தும்பிக்கையாக்கி என் முதுகில் போட்டிருந்தாள். வெயிலில் அந்தக் கை கனமாக இருந்தது. பினாயில் வாடை அடித்தது.

சித்தி மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உன் ஆத்தா வேலைக்கு உலை வச்சுட்ட," என்று வாசலில் கூட்டும்போதெல்லாம் முணுமுணுத்தாள்.

போட் நாளன்று காலையில் நான் எழுந்தபோது அம்மா குளித்துத் தயாராக இருந்தாள். பைக்குள் புத்தகம் இருந்தது. நீல யானையின்மேல் படிந்திருந்த தவிட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சிருச்சா?" என்று கேட்டேன்.

"ம்," என்றாள். எங்கே என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இனிமேல் கிடைத்தால்தான் என்ன, என் காரியம் முடிந்துவிட்டது.

அம்மா போய்ச் சேர்ந்தபோது அந்தக் குடும்பம் விமானம் ஏறியிருந்தது. புத்தகத்தை ரிசப்ஷனில் வாங்கி வைத்துக்கொண்டு அம்மாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவள் போர்ட் பிளேருக்கு வந்து, ஹேடோவில் ஹார்பர் குவாட்டர்ஸ் வீடுகளில் சமையலுக்கும் துவைக்கவும் சேர்ந்தாள். ஒரு வீட்டின் பின்பக்கம், மழை பெய்தால் கட்டிலை நகர்த்திப் போடவேண்டிய ஓர் அறை கிடைத்தது. அங்கே பிள்ளையை வைத்துக்கொள்ளக்கூடாது என்று சொல்ல யாரும் இல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ரிசார்ட்டில் கிடைத்ததில் பாதிதான் இங்கே. சில மாதம் மீன் வாங்கவில்லை; ஜெட்டியில் தெரிந்தவர்கள் கொடுத்தால் உண்டு.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் எனக்குப் போதுமென்றாகிவிட்டது. அதன் பிறகு கப்பல் கேன்டீன், டைவிங் கடை, சென்னையில் ஒரு ஹாஸ்டல், கோவாவில் ஒரு ஹோட்டல் சமையலறை என்று ஓரிடத்தில் நில்லாமல் சுற்றிவிட்டேன். இன்னமும் சுற்றுகிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் சித்தி பழைய பாட்டைப் பாடுவாள்: "உன்னாலதாண்டி அவளுக்கு அந்த வேலை போச்சு." நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் உள்ளுக்குள் எப்போதும் ஒரு சின்னப் பெருமை இருந்தது. ஒரு பெரிய ரிசார்ட்டை ஏமாற்றி, போட்டை ஏமாற்றி, என் அம்மாவை நானே மீட்டுக்கொண்டு வந்தேன் என்று.

ஹோட்டல் சமையலறையில்தான் அந்தப் பெருமை போயிற்று. பெரிய அரிசி ட்ரம்மில் கையை விட்டேன். அடியில் யாரோ தவறவிட்ட கரண்டி கிடந்தது. விரல் நுனி பட்டதுமே கரண்டி என்று தெரிந்துவிட்டது. பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கரண்டிக்கே அப்படி. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நேபாளிப் பையன், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, "க்யா ஹுவா தீதி?" என்று கேட்டான்.

ஹேடோவுக்கு போன் போட்டு அம்மாவிடம் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. போன் போட்டேன்; அவள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம்.

அவள் கை அரிசிக்குள் நின்றபோது போட் இன்னும் ஜெட்டியில்தான் இருந்தது. சித்தப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்டு நடந்திருந்தாலே போதும், வேலை தங்கியிருக்கும். போட்டை விடச் சொல்லு என்றுதான் அம்மா என்னிடம் சொன்னாள். புத்தகம் கிடைக்கவில்லை என்று அவள் சொல்லவே இல்லை. ஓடுகிற வழியில் அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.